இது யாருடைய இடம்?

அடுத்த சனிக்கிழமை எங்கள் கதை விளையாட்டில் புது கேம்பெயின், அதாவது புது நெடுங்கதை, தொடங்குகிறது. மற்ற மூன்று பேரும் தங்கள் பாத்திரத்தின் விவரத்தாளான கேரக்டர் ஷீட்டை எப்போதோ நிரப்பிக் கொடுத்துவிட்டார்கள். என் ஷீட் மூன்று வாரமாக ஹேண்ட்பேக்கில் மடித்துக் கிடந்து, மடிப்பில் கிழியத் தொடங்கியிருந்தது. கிளாஸ் என்ற கட்டத்தை நேற்று ராத்திரிதான் நிரப்பினேன். ஒரு வார்த்தை எழுத ஏன் மூன்று வாரம் ஆயிற்று என்று சொல்லத்தான் இதை எழுதுகிறேன்.

விளையாட்டு தெரியாதவர்களுக்காகக் கொஞ்சம். நாங்கள் விளையாடுவது டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ், ஐந்தாம் பதிப்பு, 2014இல் வந்த விதிகள். ஒருவர் டிஎம், அதாவது டஞ்சன் மாஸ்டர். உலகத்தையும் அதில் நடமாடும் மனிதர்களையும் அவர் சொல்லச் சொல்ல, மற்றவர்கள் ஆளுக்கொரு பாத்திரமாக இருந்து என்ன செய்கிறோம் என்று சொல்வோம். நடக்குமா நடக்காதா என்பது சந்தேகமாக இருந்தால் இருபது முகப் பகடை தீர்த்துவைக்கும். கிளாஸ் என்பது உங்கள் பாத்திரம் பிழைப்புக்கு என்ன தெரிந்து வைத்திருக்கிறது என்பது. வாள் பிடிப்பவரா, பூட்டுத் திறப்பவரா, மந்திரம் படித்தவரா, சாமியிடம் வாங்கி வந்தவரா? அடிப்படைப் புத்தகத்தில் 12 கிளாஸ் இருக்கின்றன. ஒன்றை எடுத்தால் ஒரு வருஷமோ இரண்டு வருஷமோ அதோடுதான் வாழ வேண்டும்.

நாங்கள் கூடுவது சேலம் செவ்வாய்பேட்டையில், ஒரு கொலுசுப் பட்டறையின் மொட்டை மாடியில். பட்டறைக்காரர் எங்களில் மூத்தவர், எல்லோருக்கும் அண்ணன். கீழே வேலை முடிந்து பற்றவைப்பின் வாசனை அடங்கும்போது எட்டு மணியாகிவிடும். அப்புறம் பாய் விரித்து, தட்டுவடை செட் பொட்டலங்களைப் பிரித்து, பன்னிரண்டு மணிவரை உட்கார்ந்திருப்போம். பீட்ரூட் துருவல் பட்டு என் பழைய கேரக்டர் ஷீட் முழுக்கச் சிவப்புத் தடம்.

அண்ணன் எடுத்தது ரோக், பூட்டுத் திறக்கும் திருடன். மெல்லிய கம்பியை வளைத்து வளையம் கோத்து, கண்ணுக்குத் தெரியாத இடத்தில் பற்றவைக்கிற கை அது. போன முறை அவர் ஃபைட்டர். ஆனால் கதையில் ஒரு பூட்டு வந்தபோது, திறக்கப் போனவனை நிறுத்தி, உள்ளே ஸ்பிரிங் எப்படி உட்கார்ந்திருக்கும், எந்தப் பக்கம் அழுத்தினால் எது விலகும் என்று அவர் விவரித்ததை நாங்கள் எல்லோரும் மூச்சுவிடாமல் கேட்டோம். இந்த முறை அவர் வேறு எதை எடுத்திருந்தாலும் நான் சண்டை போட்டிருப்பேன்.

இன்னொருத்தி நர்ஸ், நைட் டியூட்டி மாற்றிக்கொண்டு வருகிறவள். காயம் ஆற்றுகிற பூசாரிக் கிளாஸுக்குப் பெயர் கிளெரிக். “நீ கிளெரிக் எடுத்தா நல்லா இருக்கும்” என்று யாரோ சொன்னதும் அவள் சொன்னது இன்னும் காதில் இருக்கிறது: “வாரம் பூரா ஊசி போட்டுட்டு, சனிக்கிழமையும் நான்தான் காயத்துக்குக் கட்டுப் போடணுமாக்கா?” அவள் பார்பேரியன், முரட்டுச் சண்டைக்காரி. அடி தாங்குகிற உயிர்ப் புள்ளிக்குப் பன்னிரண்டு முகப் பகடை, கையில் பெரிய கோடாரி. கல்லூரிப் பையன் சார்சரர், பிறவியிலேயே மந்திரம் வந்தவர். பெயர் பிடித்திருக்கிறதாம். அதுவும் போதுமான காரணம்தான்.

அண்ணன் தனக்குத் தெரிந்ததை எடுத்தார், அவள் தனக்குத் தெரிந்ததை விட்டு விலகினாள். இரண்டுமே சரி என்று எனக்குத் தோன்றியதால்தான் எனக்குக் குழப்பம் கூடியது. உன்னைப் போன்ற பாத்திரத்தை எடு என்றும் சொல்ல முடியவில்லை, உனக்கு நேரெதிரானதை எடு என்றும் சொல்ல முடியவில்லை.

போன கேம்பெயினில் நான் விஸார்ட், மந்திரம் படித்தவள். இரண்டு வருஷம். ஆடிட்டர் ஆபீசில் கணக்கு எழுதுகிறவளுக்கு அந்தக் கிளாஸ் கையில் அப்படியே ஒட்டிக்கொண்டது. விஸார்டின் மந்திரப் புத்தகத்தில் முதல் லெவலில் 6 மந்திரங்கள், பிறகு லெவலுக்கு 2. ஐந்தாம் லெவலில் 14 மந்திரங்களும் 9 ஸ்லாட்டும் இருந்தன. ஒரு ஸ்லாட்டைச் செலவழித்தால் ஒரு மந்திரம் போடலாம். எதை இன்று தயார் செய்வது, எந்த ஸ்லாட்டை மிச்சம் வைப்பது என்று தனி நோட்டே போட்டிருந்தேன். ஃபயர்பால் கிடைத்த அன்று எட்டு ஆறுமுகப் பகடைகளை இரண்டு கையிலும் அள்ளிக் குலுக்கிப் போட்ட சந்தோஷம் நிஜமானது, அதை நான் குறைத்துச் சொல்ல மாட்டேன்.

ஆனால் ஒரு ராத்திரி நடந்ததை மறக்க முடியவில்லை. ஒரு கிராமத்துக் கிழவி தன் மகன் காணாமல் போனதைச் சொல்கிறாள். டிஎம் அவளாக மாறி, குரலைத் தாழ்த்தி, பத்து நிமிஷம் பேசினார். மகனுக்கு இடது காது கேட்காது, வலது பக்கம்தான் தலையைச் சாய்த்துக் கேட்பான் என்றெல்லாம் சொன்னார். நான் அந்த நேரத்தில் குனிந்து ஸ்லாட் எண்ணிக்கொண்டிருந்தேன். ஒன்றரை மாதம் கழித்து நாங்கள் வெட்டிச் சாய்த்த ஒரு கூலிப்படை வீரன், சாகும்போது தலையை வலது பக்கம் சாய்த்து, “என்ன சொன்னீங்க?” என்று கேட்டான். மாடியில் எல்லோரும் உறைந்துபோனார்கள். அண்ணன் பகடையைக் கீழே வைத்துவிட்டார். நான்தான் “யாரு இவன்?” என்று கேட்டேன்.

யாரும் ஒன்றும் சொல்லவில்லை. வீட்டுக்கு வந்தும் எனக்குத் தூக்கம் வரவில்லை. இரண்டு வருஷம் ஒரு கதைக்குள் இருந்துவிட்டு, அதன் ஓரத்தில் உட்கார்ந்து கணக்கு எழுதியிருக்கிறேன் என்று அன்றைக்குத்தான் புரிந்தது. விஸார்டைக் குறை சொல்லவில்லை. அந்த மந்திரக் கணக்குகளைப் போட்டுக்கொண்டே கதையையும் கேட்கத் தெரிந்தவர்கள் இருக்கிறார்கள். எனக்கு அது ஒளிந்துகொள்ள இடம் கொடுத்துவிட்டது.

எங்கள் சனிக்கிழமை நான்கு மணி நேரத்தில் சண்டை ஒரு மணி நேரம் வரும், அதிகம் போனால் ஒன்றரை. மீதி நேரமெல்லாம் நடக்கிறோம், பேசுகிறோம், ஒரு சத்திரத்தில் சாப்பிடுகிறோம், எவனையாவது சந்தேகப்படுகிறோம். ஆனால் கிளாஸ் தேர்வு என்றதும் எல்லோரும் பேசுவது அந்த ஒரு மணி நேரத்தைப் பற்றித்தான்: எது எத்தனை டேமேஜ் கொடுக்கும், எதற்கு அடி படாமல் காக்கும் ஆர்மர் கிளாஸ் என்ற எண் அதிகம். மீதி மூன்று மணி நேரத்துக்கு எந்தக் கிளாஸ் நல்லது என்று யாரும் கேட்டு நான் பார்த்ததில்லை.

நான் கேட்டுப் பார்த்தேன். பூட்டிய கதவு ஒன்று இருக்கிறது என்று டிஎம் சொல்கிறார் என்று வையுங்கள். ரோக் பூட்டு எப்படிப்பட்டது என்று கேட்பார். பார்பேரியன் பலகை எவ்வளவு கனம் என்று கேட்பாள். விஸார்ட் கதவில் ஏதாவது எழுத்து தெரிகிறதா என்று பார்ப்பாள். ஒரே கதவுதான், ஆனால் கேட்கிற கேள்விக்குத் தக்கபடி டிஎம் அதற்குப் பூட்டையும் பலகையையும் எழுத்தையும் புதிதாகச் செய்து தருகிறார். யாரும் கேட்காதது அந்த உலகத்தில் உருவாவதே இல்லை. அப்படியானால் நான் தேர்ந்தெடுக்க வேண்டியது என் வாயில் அடிக்கடி வரப்போகிற கேள்வியை. ஆயுதமும் மந்திரமும் அதற்குப் பின்னால் வந்தால் போதும்.

இதற்கு நடுவில் வழக்கமான நெருக்கடியும் இருந்தது. பார்பேரியன், ரோக், சார்சரர் மூவரும் முடிவாகிவிட்டால் நாலாவது ஆள் குணப்படுத்துகிறவராகத்தான் இருக்க வேண்டும் என்று ஒரு எண்ணம். இதற்கு நீண்ட பழக்கம் உண்டு. கேரி கைகாக்ஸும் டேவ் ஆர்னெசனும் 1974இல் வெளியிட்ட முதல் பதிப்பில் இருந்தவை மூன்றே மூன்று கிளாஸ்: சண்டைக்காரர், மந்திரவாதி, கிளெரிக். அடுத்த வருஷம் திருடர் வந்து சேர்ந்தார். அந்த நால்வர் கட்டமைப்பு ஐம்பது வருஷமாக எல்லோர் மனதிலும் உட்கார்ந்திருக்கிறது. நாங்கள் ஆடும் விதிகளில் அந்தக் கட்டாயம் இல்லை. ஒரு மணி நேர ஓய்வில் அவரவர் உயிர்ப் பகடைகளான ஹிட் டைஸை உருட்டி உயிரை மீட்டுக்கொள்ளலாம். 5 பொற்காசுக்கு ஒரு ஹீலர்ஸ் கிட் வாங்கினால் சாகக் கிடப்பவரைப் பத்து முறை நிலைப்படுத்தலாம். 50 காசு மருந்துக் குப்பி ஒன்று சராசரியாக 7 உயிர்ப் புள்ளி தரும். கிளெரிக் இல்லாத குழு செத்துப்போகாது. காயத்துக்குப் பயந்து பயந்து நடக்கும், அவ்வளவுதான். அந்தப் பயத்தில் நல்ல கதை கிடைக்கும். குழுவுக்கு வேண்டும் என்பதற்காக மட்டும் ஒருவரை இரண்டு வருஷம் பிடிக்காத வேஷத்தில் உட்கார வைப்பது தப்பு என்று இப்போதும் சொல்வேன்.

புது கேம்பெயின் நடக்கும் இடத்தைப் பற்றி டிஎம் சொன்னது இரண்டே வரி. ஒரு மலை நாடு. மூன்று மாதமாகப் பனிமூட்டம் விலகவில்லை, கீழே இறங்கியவர்கள் யாரும் திரும்பி வரவில்லை. அவர் ஏற்காட்டில் ஒரு காப்பி எஸ்டேட்டில் வேலை பார்க்கிறவர், சனிக்கிழமை சாயங்காலம் பஸ் பிடித்து இறங்கி வருகிறவர். எந்த மலையை மனதில் வைத்துக்கொண்டு சொல்கிறார் என்று எங்களுக்குத் தெரியாதா!

மலை என்றதும் முதலில் காடு மலை வழி தெரிந்த ரேஞ்சர்தான் தோன்றியது. ஷீட்டில் பென்சிலால் எழுதியும் விட்டேன். எழுதிவிட்டு விதியைப் படித்தேன். 2014 ரேஞ்சருக்கு நேச்சுரல் எக்ஸ்ப்ளோரர் என்று முதல் லெவலிலேயே ஒரு சிறப்பு வருகிறது. மலையைத் தன் நிலமாகத் தேர்ந்தெடுத்தால், அங்கே பயணம் போகையில் கரடுமுரடான பாதை குழுவின் வேகத்தைக் குறைக்காது, உணவு தேடினால் இரண்டு மடங்கு கிடைக்கும், மாயம் குறுக்கிட்டால் ஒழியக் குழு வழி தப்பவே தப்பாது. படிக்கும்போது வரம் மாதிரி இருக்கிறது. ஆனால் பனிமூட்டத்தில் வழி தெரியாமல் நிற்பதற்காகத்தானே நான் இந்த மலைக்குப் போகிறேன்? ‘இந்த ஓடையை முன்னாடியே தாண்டினோமா?’ என்று நாலு பேரும் குழம்பி நிற்கிற அந்த அரை மணி நேரத்தை, ரேஞ்சர் ஒரே வரியில் கடந்துபோய்விடுவார். எனக்குப் பிடித்த இடத்தைப் பகடைகூட உருட்டாமல் தாண்டவைக்கிற சிறப்பு அது. 2024இல் விதிகளைத் திருத்தியபோது அதை எடுத்தே விட்டார்கள். எடுத்தவர்களுக்கு நன்றி. நாங்கள் பழைய விதியில் இருப்பதால் நான் ரேஞ்சரை அழித்துவிட்டேன்.

விலங்காக மாறத் தெரிந்த ட்ரூயிட் இரண்டு நாள் மனதில் இருந்தது. இரண்டாம் லெவலில் ஓநாயாக மாறி ஓடலாம். ஆனால் ஓநாயால் பேச முடியாது. இந்த முறை யாராவது கிழவி பேசினால் எதிரில் உட்கார்ந்து கேட்டுப் பதில் சொல்ல வேண்டும் என்று இருப்பவள் நான், மறுபடி ஒளிய இடம் வேண்டாம். பாடிக் கதை சொல்கிற பார்ட் எடுத்து நம் கூத்துக் கட்டியங்காரன் மாதிரி செய்யலாமே என்று ஒரு ஆசை வந்தது. கதைக்குள்ளும் நிற்பான், வெளியே வந்து சனங்களிடமும் பேசுவான், ராஜாவையும் கேள்வி கேட்பான். அருமையான பொருத்தம். ஆனால் அதற்கு வேண்டிய துடுக்கும் வேகமும் உள்ளவர் எடுத்தால்தான் அந்த வேஷத்துக்கு மரியாதை.

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை எல்லோரும் ஏற்காடு போனோம். டிஎம் கூப்பிட்டிருந்தார். இருபது கொண்டை ஊசி வளைவு ஏறி இறங்கும்போது கல்லூரிப் பையனுக்குத் தலை சுற்றல், நர்ஸ் அவனுக்கு எலுமிச்சம்பழம் வாங்கிக் கொடுத்தாள். எஸ்டேட் பாதையில் நடந்தோம். இரண்டு பக்கமும் சில்வர் ஓக், அதில் ஏறிய மிளகுக் கொடி, கீழே காப்பிச் செடி. ஓரிடத்தில் மரத்தடியில் ஒரு கல். மஞ்சள் பூசி, பக்கத்தில் துருப்பிடித்த சின்ன சூலம். டிஎம் நடந்துகொண்டே செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டார். பத்தடி தாண்டி மறுபடி போட்டுக்கொண்டார். பேச்சை நிறுத்தக்கூட இல்லை.

“யாரு சாமி தம்பி இது?” என்று கேட்டேன்.

“பேரு தெரியாதுக்கா. அந்த ஓடை வரைக்கும் இவர் பாத்துக்குவார். அதுக்கு அந்தப் பக்கம் வேற சாமி.”

அப்புறம் சேர்வராயன் கோயிலுக்குப் போனோம். மலை உச்சியில் குகைக்குள் இருக்கிற கோயில், குனிந்துதான் உள்ளே போக வேண்டும். சேர்வராயனும் காவேரியம்மனும் இருக்கிறார்கள். அந்தக் குகை காவேரி வரைக்கும் போகிறது என்று சொல்வார்கள். மே மாதத்தில் மலைக் கிராமங்களெல்லாம் கூடித் திருவிழா எடுக்கிற இடம். உள்ளே போனதும் பையன் குகை எவ்வளவு தூரம் போகிறது என்று எட்டிப் பார்த்தான். அண்ணன் மணியின் வேலைப்பாட்டைப் பார்த்தார். எங்களுக்கு முன்னால் ஏறி வந்த ஒரு பாட்டிக்கு மூச்சு வாங்குவதை நர்ஸ்தான் கவனித்துத் தண்ணீர் கொடுத்தாள். எனக்கு ஓடை ஞாபகமாகவே இருந்தது. ஓடைக்கு இந்தப் பக்கம் ஒருவர், அந்தப் பக்கம் வேறொருவர். காக்பர்ன் சேலம் கலெக்டராக இருந்த 1820களில் காப்பி இந்த மலைக்கு வந்து, எஸ்டேட் வேலி எங்கெங்கோ போட்டார்கள். அந்த ஓடையின் எல்லை வேலிக்கு முந்தியது, எந்தப் பத்திரத்திலும் இருக்காது. ஆனால் செருப்பைக் கழற்றுகிறவருக்குத் தெரிகிறது.

பஸ்ஸில் இறங்கும்போதுதான் எனக்கு என் கேள்வி கிடைத்தது. இது யாருடைய இடம்? புதிதாக ஒரு காட்டுக்குள், ஒரு கோட்டைக்குள், ஒரு கதவுக்கு முன்னால் போய் நிற்கும்போது நான் கேட்க வேண்டியது அதுதான். அதைக் கேட்டால் டிஎம் மனிதர்களைக் கொண்டுவந்தே ஆக வேண்டும். இங்கே யார் கும்பிட்டார்கள், ஏன் விட்டுவிட்டுப் போனார்கள், படையல் கடைசியாக எப்போது வைத்தார்கள்? அந்தக் கேள்வி பிழைப்பாக இருக்கிற கிளாஸ் ஒன்றுதான், கிளெரிக். நான் எடுக்க மாட்டேன் என்று வாதாடிக்கொண்டிருந்த அதே கிளெரிக்.

புத்தகத்தில் வருகிற கிளெரிக்கை அப்படியே எடுத்துக்கொள்ள எனக்கு மனமில்லை. அங்கே தெய்வங்களுக்குத் துறை உண்டு. ஒளி, போர், இயற்கை, புயல் என்று அடிப்படைப் புத்தகத்தில் 7 டொமைன். ஊர் கிடையாது. சூரிய தெய்வத்தின் கிளெரிக் உலகத்தின் எந்த மூலைக்குப் போனாலும் அதே வலிமையோடு இருப்பார். நமக்குச் சாமி என்றால் முதலில் விலாசம். எல்லைச்சாமி எல்லைவரைக்கும் காவல். ராத்திரி குதிரையில் சுற்றி வருகிற அய்யனார் அவர் ஊரைத்தான் சுற்றி வருவார். என் பாத்திரம் அப்படி ஒரு சாமியின் பூசாரிச்சி. மலையில் ஒரு ஓடை வரைக்கும் காவல் காக்கிற, பெயரில்லாத ஒரு கல்லின் பூசாரிச்சி. கதையோ அந்த ஓடையைத் தாண்டித்தான் தொடங்குகிறது.

உடனே டிஎம்முக்குப் போன் செய்தேன். ராத்திரி பதினொரு மணி. கேட்டுவிட்டு அவர் கொஞ்ச நேரம் பேசவில்லை. அப்புறம், “அப்ப ஓடையைத் தாண்டுனா உங்க ஸ்பெல் எதுவும் வேலை செய்யக் கூடாதேக்கா” என்றார்.

நியாயமான கேள்வி. முதல் லெவலில் இருப்பதே 2 ஸ்லாட். அதுவும் இல்லையென்றால் மற்ற மூவருக்கும் நான் சுமை. நல்ல யோசனை என்பதற்காகக் குழுவைத் தண்டிக்க எனக்கு உரிமை இல்லை. அந்த வாரம் முழுக்க இதே யோசனை. வவுச்சர் அடுக்கும்போதெல்லாம் ஓடைதான் கண் முன்னால்.

வழி சொன்னது அம்மா. சொல்கிறோம் என்று அவருக்குத் தெரியாது. எங்கள் குலசாமி கோயிலுக்கு இந்த வருஷம் எப்போது போகிறோம் என்று பேச்சு வந்தது. அந்தக் கோயிலே பூர்வீக ஊரிலிருந்து பிடிமண் எடுத்து வந்து கட்டியதுதானே என்றார் அம்மா, காய் நறுக்கிக்கொண்டே. சின்ன வயதிலிருந்து கேட்ட கதை. ஊரை விட்டுக் கிளம்பும்போது சாமி இருந்த இடத்தில் ஒரு பிடி மண்ணை எடுத்து, மஞ்சள் துணியில் முடிந்து, போகிற இடத்தில் வைத்துக் கும்பிட்டால் சாமி அங்கே வந்து இருக்கும். எல்லை என்றால் நகராது என்று நான் நினைத்துக்கொண்டிருந்தேன். நம் ஆட்கள் அதை மடியில் கட்டிக்கொண்டு ஊர் ஊராகப் போயிருக்கிறார்கள்.

விதியும் ஒத்துக்கொள்கிறது. கிளெரிக்குக்கு ஹோலி சிம்பல், அதாவது புனிதச் சின்னம், ஒன்று வேண்டும். தாயத்தாக இருக்கலாம், கேடயத்தில் பொறித்த சின்னமாக இருக்கலாம், புனிதப் பொருள் வைத்த சின்னப் பேழையாகவும் இருக்கலாம். மண் முடிந்த துணி அந்த மூன்றாவது வகை.

நேற்று ராத்திரி ஷீட்டை நிரப்பினேன். ஆறு திறன்களுக்கு உரிய 15, 14, 13, 12, 10, 8 என்ற எண்களில் பெரியதை, கிளெரிக்கின் மந்திரத்துக்கு அடிப்படையான விஸ்டமுக்குக் கொடுத்தேன், மனிதப் பிறவி என்பதால் அது 16 ஆயிற்று. உயிர்ப் புள்ளி 10. டொமைன் இயற்கை. போர் டொமைனைச் சிலர் சொன்னார்கள், ஆனால் காவல் வேறு, போர் வேறு. முதல் மந்திரம் சாங்சுவரி. அது காக்கிறவர்மேல் கை ஓங்குகிறவன் முதலில் தன் மனதோடு போராட வேண்டும், எல்லைச்சாமிக்கு அதைவிடப் பொருத்தமாக என்ன இருக்கிறது? சின்ன மந்திரங்களில் தாமட்டர்ஜி, குரல் மூன்று மடங்கு ஓங்கும், தரை அதிரும், தீபம் துடிக்கும். அருள் வந்தவர்களைப் பார்த்து வளர்ந்தவளுக்கு அதை நடிக்கச் சொல்லித்தர வேண்டாம். இன்னொன்று கைடன்ஸ். அண்ணன் பூட்டுத் திறக்க உட்காரும்போது நான் அவர் தோளைத் தொட்டால் அவர் பகடையோடு ஒரு நாலுமுகப் பகடையும் சேரும். காயம் ஆற்றுகிற மந்திரமும் எழுதியிருக்கிறேன். நர்ஸ் விழுந்தால் நான்தான் ஓட வேண்டும், அதில் எனக்கு இப்போது வருத்தமே இல்லை.

படம் எடுத்து டிஎம்முக்கு அனுப்பினேன். ஐந்து நிமிஷத்தில் போன் வந்தது.

“மண்ணு எவ்வளவுக்கா எடுத்துட்டு வர்றீங்க?”

“ஒரு பிடி தம்பி.”

“பனி மூட்டம்க்கா. துணி நனைஞ்சுட்டே இருக்கும்.” எழுதிக்கொள்கிற பேனாச் சத்தம் கேட்டது. “சரி, கரைஞ்சா என்ன பண்ணுவீங்க?”

எனக்குத் தெரியவில்லை. தெரியவில்லை என்றே சொன்னேன். போனை வைத்துவிட்டு, பொருட்கள் எழுதும் கட்டத்தில் கடைசி வரியாக மெழுகுத் துணி, ஒரு முழம் என்று சேர்த்தேன்.